பேய்க்கும் மூத்தது இடம்

அச்சம் தரும் புத்தகம் ஒன்றை விலை கொடுத்து வாங்கி, இரவில் வீடு அடங்கிய பிறகு விளக்கடியில் அமர்ந்து, நெஞ்சு படபடக்க விரும்பிப் படிப்பதில் என்ன இன்பம் இருக்க முடியும் என்ற கேள்வி புதியதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்தில் எழும் உணர்வு உடம்பின் வழியே பிறருக்குப் புலப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, அதனை நகை முதல் உவகை வரை எட்டாக வகுக்கிறது. அவற்றுள் ஒன்றாகிய அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்ற நான்கினால் பிறக்கும் என்கிறது. அணங்கு என்பது மனிதரை வருத்தும் ஆற்றலுடைய தெய்வத்துக்கும் பேய்க்கும் பொதுவாக வழங்கிய பழஞ்சொல். பாயும் விலங்கும் கொள்ளையிடும் கள்வரும் தண்டிக்கும் அரசனும் கண்முன் நிற்பவை. அவற்றோடு ஒரே வரிசையில், அதுவும் வரிசையின் தலைப்பில், கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை வைத்ததில் அந்நூலின் நுட்பம் தெரிகிறது.

அந்த இயலுக்கு எழுந்த பழைய உரை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. சுவை எவ்வாறு உண்டாகிறது என்பதை விளக்க அது எடுத்துக்கொள்ளும் காட்டு, பேயையும் புலியையும் கண்டு அஞ்சிய ஒருவன். அச்சத்துக்குக் காரணமான பேய் சுவைப்படு பொருள். கண்டது முதல் அவனை விட்டு நீங்காத அச்சமே சுவை. மயங்குவதும் ஒளிந்துகொள்வதும் குறிப்பு. நடுங்குவதும் வியர்ப்பதும் சத்துவம், அதாவது விருப்பத்தைக் கேளாமல் உடம்பு தானே காட்டும் மாற்றம். இந்த நான்கில் பின்னைய மூன்றும் பேய்க்கதை வாசகரிடம் ஓரளவுக்கேனும் நிகழ்கின்றன. முதலாவது மட்டும் அவர் முன் இல்லை. அறைக்குள் இருப்பது காகிதமும் மையும்தான். அப்படியானால் சுவைப்படு பொருளாக நின்று அவரை அச்சுறுத்துவது எது? பேயின் உருவ வருணனை என்று விரைந்து விடை சொல்லத் தோன்றும். ஆனால் விரிந்த கூந்தலும் கோரைப் பற்களும் மட்டுமே உள்ள கதைகள் பெரும்பாலும் சிரிப்பையே வரவழைக்கின்றன என்பதை இவ்வகை நூல்களில் பழகிய எவரும் ஒப்புக்கொள்வர். அச்சத்தைத் தாங்கி நிற்பது பேயின் உருவமன்று, அது உலவும் இடம். இன்ன ஊரில், இன்ன மதிலுக்கு அப்பால், இன்ன யாமத்தில் என்று இடமும் பொழுதும் திட்டமாக அமைந்த பிறகு பேய் வராவிட்டாலும் வாசகர் அஞ்சத் தொடங்கிவிடுகிறார்.

இதனை மணிமேகலை ஆசிரியர் சாத்தனார் நன்கு அறிந்திருந்தார். அக்காப்பியத்தின் ஆறாவது காதையான சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, பேய் உலவும் இடங்களைப் பற்றிய புத்தகங்களுக்கெல்லாம் தமிழில் மூத்தது என்று சொல்லத் தக்கது. அது தொடங்குவதே ஓர் இடப்பெயரைப் பற்றிய கேள்வியில்தான். புகார் நகரத்து உவவனம் என்னும் பூஞ்சோலையில், இரவில், மணிமேகலா தெய்வம் பக்கத்தில் உள்ள கோட்டத்தைச் சக்கரவாளக் கோட்டம் என்று குறிப்பிட, ஊரார் எல்லாரும் அதனைச் சுடுகாட்டுக் கோட்டம் என்றல்லவா சொல்கிறார்கள், இந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று மணிமேகலையின் தோழி சுதமதி கேட்கிறாள். விடையாக வருவது அந்த ஈமப்புறங்காட்டின் முழு வரைபடம். சுற்றுமதில், நான்கு வாயில்கள், காவல் தெய்வத்தின் கோயில், இறந்தோருக்கு எடுத்த நினைவுச் சின்னங்கள், பேய்கள் கூடும் மன்றங்கள், பறவைகள் அடையும் மரங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன; பிணத்தைச் சுடுவோர், வெளியில் இட்டுவிட்டுப் போவோர், குழி தோண்டிப் புதைப்போர், தாழியில் கவிப்போர் என்று ஈமச் சடங்கின் வகைகளும் பிரித்துச் சொல்லப்படுகின்றன. தொல்லியலார் இன்றும் இப்பகுதியைச் சான்றாகக் கொள்ளும் அளவுக்கு அந்த வருணனை திட்டமானது.

அத்தனையும் சொல்லி முடித்த பிறகே சார்ங்கலன் என்னும் அந்தணச் சிறுவன் தனியாக அங்கே நுழைகிறான். ஒரு பெண்பேய் பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடுவதைக் காண்கிறான். ஓடிவந்து, தன் உயிரைப் பேய்க்குக் கொடுத்துவிட்டதாகத் தாய் கோதமையிடம் கூறி இறக்கிறான். பேய்க்கு ஒதுக்கப்பட்ட அடிகள் சிலவே. இடத்துக்கு ஒதுக்கப்பட்டவை அவற்றைப்போல் பல மடங்கு. அதைவிட முக்கியமானது, நீதி கேட்ட தாய்க்கு நகரின் காவல் தெய்வமான சம்பாபதி சொல்லும் விடை: அணங்கும் பேயும் உயிரை உண்பதில்லை, மகனைக் கொண்டுபோனது அவனுடைய வினையும் அறியாமையுமே. கேட்பவரைப் பேயால் நடுங்கவைத்த அதே காதை, பேய் கொல்லும் என்ற நம்பிக்கையை வெளிப்படையாக மறுக்கிறது. மறுத்த பின்னும் அச்சம் குறைவதில்லை. கேட்டுக்கொண்டிருந்த சுதமதி துயருற்ற நெஞ்சோடு நள்ளிரவில் உறங்கிப்போக, தெய்வம் மணிமேகலையைத் தூக்கிச் சென்றுவிடுகிறது. கதை கேட்டவளின் பக்கத்தில் இருந்த இடம் வெறுமையாவதோடு முடியும் அந்த அமைப்பின் திறத்தை, பேய்க்கதை எழுத விரும்புகிற எவரும் ஊன்றிப் பயில வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காடும் அதை அடுத்த பழையனூரும் இவ்வகையில் இன்னும் செறிவானவை. தம்மைக் காரைக்கால் பேய் என்றே அழைத்துக்கொண்ட காரைக்கால் அம்மையார் பாடிய மூத்த திருப்பதிகங்கள் அந்த ஆலங்காட்டுச் சுடலையைத்தான் கண்முன் நிறுத்துகின்றன. பழையனூர் நீலியின் கதை வழங்குவதும் அதே மண்ணில். கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகி, கள்ளிக் கட்டை ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு, உயிருள்ள மனைவி போல அவனைப் பின்தொடர்கிறாள். அவன் அஞ்சி ஊரவையில் முறையிட, அவளும் அழுது முறையிட, வேளாளர் எழுபதின்மர் வழக்கை விசாரிக்கின்றனர். காப்பாக அவன் வைத்திருந்த கத்தியைக் கண்டு தனக்கு அச்சமாக இருக்கிறது என்று அவள் சொல்ல, சபையார் அதனை வாங்கி வைத்துக்கொண்டு, அவனுக்கு ஏதேனும் நேர்ந்தால் தாங்கள் உயிர் கொடுப்பதாக வாக்களித்து, இருவரையும் ஒரே அறையில் தங்கவைக்கின்றனர். விடியும்போது அவன் பிணமாகக் கிடக்கிறான், எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர். இந்நிகழ்ச்சியைத் திருஞானசம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகம் குறிப்பாகச் சுட்டுவதிலிருந்து, கதை ஏழாம் நூற்றாண்டிலேயே பரவியிருந்தது புலனாகிறது. நீலிக்கண்ணீர் என்ற தொடர் இன்றும் வீட்டுப் பேச்சில் வழங்குகிறது.

இக்கதையில் மயிர்க்கூச்செறிய வைப்பது கொலையன்று, கத்தி கைமாறும் அந்தக் கணம். கேட்பவருக்கு அவள் யார் என்று தெரியும். நேர்மையே உருவான எழுபது பேருக்குத் தெரியாது. அவர்கள் முறையாக விசாரித்து, இரக்கத்தோடு தீர்ப்புச் சொல்லி, அதன் விளைவாகவே ஒருவனைச் சாவிடம் ஒப்படைக்கிறார்கள். அதே வேளையில் முதலில் கொல்லப்பட்டவள் அவள்தான் என்பதும், உயிரோடு இருந்தபோது அவளுக்காக எந்தச் சபையும் கூடவில்லை என்பதும் கேட்பவர் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கும். நீலகேசி என்னும் சமண நூல் இந்த நீலியையே முனிவர் ஒருவரிடம் தோற்று அறம் கேட்டவளாக்கி, பிற சமயத்தாரோடு தருக்கம் செய்ய அனுப்புகிறது; சுடலைப் பேய் ஒன்று மெய்யியல் வாதியாக மாறும் இத்தகைய துணிவு உலக இலக்கியத்திலேயே அரிது. தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் இசக்கியம்மன் கோயில் கொடைகளில் நீலி கதை வில்லுப்பாட்டாகப் பாடப்படும்போது, கதைக்குரியவள் குடிகொண்ட பீடத்தின் எதிரிலேயே மக்கள் இரவு முழுதும் அமர்ந்து கேட்கின்றனர். இடமும் கதையும் அங்கே பிரிக்க முடியாதவை.

ஆங்கிலேயர் இதே சுவையை வேறு வழியில் வளர்த்தனர். கேம்பிரிட்ஜில் இடைக்காலச் சுவடிகளை ஆராய்ந்த எம். ஆர். ஜேம்ஸ், கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பர்களுக்குப் படித்துக்காட்ட எழுதிய கதைகளைத் தொகுத்து 1904இல் வெளியிட்டார். சுவடி, தேவாலயம், கடற்கரை ஊர் ஆகியவற்றை ஆய்வாளருக்குரிய துல்லியத்தோடு வருணித்துவிட்டு, பேயை ஓரக்கண்ணால் மட்டுமே காட்டுவது அவர் முறை. எஸ்ஸெக்ஸ் பகுதியில் உள்ள போர்லி பாதிரியார் இல்லத்தில் பேய் உலவுவதாக எழுந்த பேச்சைப் பற்றி ஆவி ஆராய்ச்சியாளர் ஹாரி பிரைஸ் 1940இல் வெளியிட்ட புத்தகம் கதையன்று, அறிக்கை என்ற பெயரில் வந்தது. 1937இல் அவர் அந்த வீட்டை ஓராண்டு வாடகைக்கு எடுத்து, நாளிதழ் விளம்பரத்தின் வழியே பார்வையாளர்களைத் திரட்டி, என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பேட்டையும் கையில் கொடுத்துக் காவல் இருக்கவைத்தார். 1939இல் வீடு தீக்கிரையானது, 1944இல் இடிக்கப்பட்டது. 1956இல் ஆவியுலக ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த மூவர் அவருடைய சான்றுகளைக் கடுமையாக ஆராய்ந்து, அவை நம்பத்தக்கவை அல்ல என்று காட்டினர். அதன் பிறகும் அந்நூலை மக்கள் விரும்பிப் படிப்பதற்குக் காரணம், மாடிப்படியும் நடைவழியும் மணி ஒலிக்கும் சமையற்கட்டுமாக அந்த வீடு வாசகர் மனத்தில் கட்டப்பட்டுவிடுவதே.

தற்காலத் தமிழில் இந்த நுட்பத்தைக் கைக்கொண்டவர் புதுமைப்பித்தன். 1943இல் வெளிவந்த காஞ்சனை கதையில் சுடுகாடு இல்லை, பாழடைந்த மாளிகை இல்லை. உறக்கம் வராத ஓர் எழுத்தாளனின் சாதாரண வீடுதான் இருக்கிறது. நள்ளிரவில் எங்கிருந்தென்று தெரியாமல் வந்து மறையும் வாடையும், பிச்சை கேட்டு வந்து வேலைக்காரியாகத் தங்கிவிடும் பெண்ணும், அவளிடம் சிறிதும் ஐயம் கொள்ளாத மனைவியும் சேர்ந்து, வாசகர் குடியிருக்கும் வீட்டையே அணங்குடைய இடமாக்கிவிடுகின்றனர். நடந்தது பேயின் செயலா, தூக்கம் கெட்ட மூளையின் மயக்கமா என்று கதை தீர்ப்புச் சொல்வதில்லை. அந்தத் தீர்ப்பைத் தாமே சொல்ல முயன்று முடியாமல் மீண்டும் முதல் பக்கத்துக்குத் திரும்புவதில்தான் வாசகரின் இன்பம் இருக்கிறது.

அதற்குப் பின் வந்த மாத நாவல்களின் பெரும்பகுதி இந்த வழியைக் கைவிட்டது. பெயரில்லாத மலைப்பாதை, யார் கட்டியதென்று தெரியாத பங்களா, காரணமின்றி அணையும் விளக்கு என்று எந்த ஊருக்கும் பொருந்தும் அமைப்பு ஒன்று அச்சாகி, ஒரு நாவலின் பேயை இன்னொரு நாவலுக்கு மாற்றினாலும் வேறுபாடு தெரியாத நிலை உருவானது. பேய்க்கதை தரம் குறைந்தது என்று திறனாய்வாளர்கள் ஒதுக்கியதும் இதனால்தான். ஒதுக்கியதில் நியாயம் இருக்கலாம். மணிமேகலையையும் காஞ்சனையையும் ஈன்ற ஒரு வகையை முழுவதுமாகவே கீழ்மைப்படுத்தியதில் நியாயமில்லை.

பகுத்தறிவாளரின் எதிர்ப்பு வேறு தன்மையது. அதை எளிதில் தள்ளிவிடவும் கூடாது. பேய் பிடித்துவிட்டது என்ற சொல் இந்த மண்ணில் வெறும் கதைச்சொல்லாக இருந்ததில்லை. மனநோயுற்றவர்களை, பெரும்பாலும் பெண்களை, அடிக்கவும் கட்டிவைக்கவும் அது உரிமம் தந்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர், கொட்டகையில் பற்றிய தீயிலிருந்து தப்ப முடியாமல் கருகி இறந்தனர். பேயை நோயின் பெயராக்கியதன் விலை அது. ஆனால் கதையில் வரும் பேயும் நோயின் பெயராகச் சூட்டப்படும் பேயும் ஒன்றல்ல என்பதைச் சம்பாபதியின் விடை பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லிவைத்திருக்கிறது. தன் மகன் இறந்த காரணத்தைப் பேயின்மீது ஏற்றிய தாய்க்கு அத்தெய்வம் ஆறுதலுக்காகக்கூட ஆம் என்று சொல்லவில்லை. நல்ல பேய்க்கதை வாசகரை இப்படித்தான் பயிற்றுகிறது: அஞ்சவைக்கிறது, அச்சத்தை நிதானமாக உற்றுநோக்கவும் வைக்கிறது.

அண்மைக் காலத்தில் பேய் உலவும் இடங்கள் என்ற தலைப்பில் பெருகிவரும் பட்டியல்களில் தனுஷ்கோடி தவறாமல் இடம்பெறுகிறது. இருட்டிய பிறகு அங்கே நிற்காதீர்கள் என்ற எச்சரிக்கையும் உடன் வருகிறது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் அந்தத் துறைமுக ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணியர் ரயிலைக் கடல் அடித்துச் சென்று, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குடியிருக்கத் தகுதியற்ற இடமென்று அரசு பின்னர் அறிவித்தது. சென்னையில் போட் மெயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போய்ச் சேர்ந்த காலத்தின் கடைசி இரவுகளில் ஒன்று அது. பட்டியல்களில் இவற்றுள் ஒன்றும் இல்லை. அலறல் கேட்கிறது என்ற ஒரு வரிதான் உண்டு. இறந்தவர்களை வேடிக்கைப் பொருளாக்கும் அந்த ஒரு வரி அச்சத்தையும் தருவதில்லை, துயரத்தையும் தருவதில்லை.

சுதமதி கேட்டது போல அந்த ஊரின் பெயரிலிருந்தும் அந்த இரவின் நாழிகைகளிலிருந்தும் தொடங்கி, ரயில் நிலையம், அஞ்சலகம், கூரையிழந்து நிற்கும் தேவாலயச் சுவர், மணல் மூடிய தண்டவாளம், இன்றும் அங்கே வலை உலர்த்தும் மீனவக் குடும்பங்களின் நினைவு என்று அடுக்கிச் செல்லும் தமிழ்ப் புத்தகம் ஒன்று எழுதப்படுமானால், அதில் கடைசிப் பக்கம் வரை பேய் எதுவும் வராமலே போகலாம். படித்து முடித்தவர் விளக்கை அணைக்கச் சற்று நேரம் தயங்குவார்.