டிரிப் சுவிட்ச் இல்லையேல் யந்திரம் ஓடாது!

தை, மாசியில் அறுவடை முடிந்தபின் குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை தஞ்சைத் தரணியின் விவசாயத் தொழிலாளிக்கு வயலில் வேலை இல்லை. முன்பு நூறு கைகள் அறுத்த வயலை இன்று ஓர் அறுவடை யந்திரம் ஒரு பொழுதில் அறுத்துக் கொட்டிவிட்டுப் போகிறது. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்குமா, திறக்காதா என்று பார்த்துக்கொண்டு குடும்பம் பட்டினி கிடக்க முடியுமா? எனவே கதிர் அரிவாளைக் கூரையில் செருகிவிட்டுக் கட்டட வேலைக்குக் கிளம்புகிறான். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் திருச்சிக்கும் போகிறான். திருப்பூருக்கும் சென்னைக்கும்கூடப் போகிறான்.

அங்கே அவன் கையில் கொடுக்கப்படும் யந்திரங்களில் ஒன்றைப் பற்றி இவ்வாரம் எழுதுகிறோம். மின்சாரத்தால் ஓடும் "கோர் கட்டிங்" மிஷின்தான் அது. கட்டிமுடித்த கான்கிரீட் தளத்தில் கழிவுநீர்க் குழாய் இறங்க வட்டமாக ஓட்டை போடுவது இந்த யந்திரம். மில்களில் புதிய குழாயும் கேபிளும் போகச் சுவரைத் துளைப்பதும் இதுவே. பாலத்திலும் கால்வாய்க் கரையிலும் போட்ட கான்கிரீட் தரமானதா என்று பார்க்க உருளை மாதிரி வெட்டியெடுப்பதும் இதுவே. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அங்கே புதிய கதவணை எழுந்தது. கல்லணைக் கால்வாய்ச் சீரமைப்புக்கு 2021-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. டெல்டாவில் கான்கிரீட் பெருகிக்கொண்டே போகிறது. கான்கிரீட் பெருகும் இடத்தில் இந்த யந்திரமும் பெருகும்.

யந்திரத்தின் மீது நமக்குப் பகை கிடையாது. உளியும் சம்மட்டியும் கொண்டு ஒரு நாள் முழுக்கக் கொத்த வேண்டிய ஓட்டையை அது சில நிமிஷங்களில் போடுகிறது. தளம் அதிராது, விரிசல் காணாது. குற்றம் யந்திரத்தில் இல்லை. அதை எந்த நிலைமையில் ஓட்டச் சொல்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

தண்ணீர் வேண்டும், தண்ணீரே எமனும் ஆகும்

இந்த யந்திரத்தின் முனையில் இருப்பது குழாய் போன்ற எஃகு உருளை. அதன் வாயில் வைரத்துகள் பதித்த பற்கள் உண்டு. நிமிஷத்துக்குப் பல நூறு சுற்றுச் சுற்றி அது கான்கிரீட்டை அரைத்துக்கொண்டு இறங்குகிறது. அரைக்கும்போது பிறக்கும் சூட்டைத் தணிக்கவும் தூசியை அடக்கவும் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தண்ணீர் விடாமல் துளைத்தால் என்ன? கான்கிரீட்டில் உள்ள மணலும் ஜல்லியும் கண்ணுக்குத் தெரியாத பொடியாகி மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்கும். இறங்கியது வெளியே வராது. நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும். இதற்குப் பெயர் சிலிகோசிஸ். இதைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. காசநோயும் இவர்களை எளிதில் பிடிக்கும். 2001-ல் மூடப்பட்ட கோலார் தங்கவயலில் பாறையைத் துளைத்த தமிழ்த் தொழிலாளிகளின் குடும்பங்களுக்கு இந்த நோயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே இதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. மூக்கில் கட்டும் துண்டு பெரிய தூசியைத்தான் தடுக்கும். கொல்லும் பொடி அதன் இழைகளுக்கிடையே புகுந்து போகும்.

ஆகவே தண்ணீர் வேண்டும். ஆனால் தண்ணீர் விட்டதும் அடுத்த அபாயம் வந்து நிற்கிறது. மோட்டார், வயர், சுவிட்ச் எல்லாம் ஈரம். நிற்கும் தளம் ஈரம். தொழிலாளியின் கையும் வெறுங்காலும் ஈரம். உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த தோலுக்கு அந்தத் தடுப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

மின்சாரம் எப்படிப்பட்டது என்பது தஞ்சை மக்களுக்குத் தெரியும். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சையை அடுத்த களிமேட்டில் தேர் ஊர்வலத்தின்போது தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 உயிர்கள் போயின. அது கம்பத்து மேலே ஓடும் பெரிய மின்சாரம். வீட்டு லயனில் வருகிற 230 வோல்ட் சின்னதுதானே என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. அந்த நினைப்பு தப்பு. எத்தனையோ பேரை ஒவ்வொருவராக, பத்திரிகையில் பெயர்கூட வராமல் கொண்டுபோவது இந்தச் சின்ன மின்சாரம்தான்.

ஃப்யூஸ் யாரைக் காக்கிறது?

"ஃப்யூஸ் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, பயப்படாதே" என்று மேஸ்திரி சொல்லுவார். இதைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மின்னோட்டத்தை ஆம்பியரில் அளக்கிறார்கள். ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஆம்பியர். சுமார் 10 மில்லி ஆம்பியர் உடம்பில் பாய்ந்தாலே பிடித்த கை விடாது, தசை இறுகிக்கொள்ளும். 30 மில்லி ஆம்பியருக்கு மேலே போனால் இதயம் தாளம் தப்பி நின்றுபோகும் அபாயம் தொடங்குகிறது. ஆனால் யந்திரத்துக்குப் போடும் எம்.சி.பி. எப்போது விழும்? 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால், 16,000 மில்லி ஆம்பியரையும் தாண்டிய பிறகே விழும்! மனிதனைக் கொல்லப் போதுமானதைப்போல் ஐந்நூறு மடங்கு மின்சாரம் ஓடினாலும் அது அசையாது. ஃப்யூஸும் எம்.சி.பி.யும் வயரையும் யந்திரத்தையும் காக்க வந்தவை. தொழிலாளியைக் காக்க வந்தவை அல்ல.

தொழிலாளியைக் காக்கும் கருவி வேறு. ஆர்.சி.சி.பி. என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். பழைய எலக்ட்ரீசியன்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள். கசிவைக் கண்டு விழும் டிரிப் சுவிட்ச் இது. இதன் வேலை நம் நீர்ப்பாசனக்காரருக்கு உடனே விளங்கும். தலைமதகில் திறந்த தண்ணீர் அளவு குறையாமல் கடைமடைக்கு வந்து சேர வேண்டும். குறைந்தால் நடுவே எங்கோ கரை உடைந்திருக்கிறது என்று அறிந்து மதகை மூடுகிறோம். அதேபோல, ஒரு வயரில் போன மின்சாரம் மறு வயரில் முழுதாகத் திரும்புகிறதா என்று இந்தச் சுவிட்ச் பார்த்துக்கொண்டே இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், அது எவன் உடம்பு வழியாகவோ மண்ணுக்கு இறங்குகிறது என்று கண்டு, நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் மின்சாரத்தை அறுத்துவிடும்.

இதற்கு ஆகும் செலவு ஒரு தொழிலாளியின் சில நாள் கூலிதான். லட்சக்கணக்கில் பில் போடும் காண்ட்ராக்டருக்கு இது ஒரு செலவா? ஆனாலும் பல இடங்களில் நடப்பது என்ன? பிளக்கைக்கூடப் பிடுங்கிவிட்டு, வெறும் வயரைச் சாக்கெட்டில் நுழைத்துத் தீக்குச்சியைச் செருகிவைக்கிறார்கள்! டேப் சுற்றிய ஒட்டு வயர் தேங்கிய தண்ணீரில் கிடக்கிறது. எர்த் வயரை வெட்டி எறிந்திருக்கிறார்கள். விபத்து நடந்தால், "அவன் ஜாக்கிரதையாக இல்லை" என்று பழி செத்தவன் மேல் விழுகிறது.

ஓட்டை போடுமுன் பார்க்க வேண்டியவை

ஜாக்கிரதை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கருவியும் வேண்டும், அறிவும் வேண்டும். யந்திரத்தைத் தொடும் ஒவ்வொரு தோழரும், தண்ணீர் ஊற்ற நிற்கும் சித்தாளும் இவற்றை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்:

1. 30 மில்லி ஆம்பியர் டிரிப் சுவிட்ச் இருக்கிறதா? அதன் மேலுள்ள சோதனைப் பொத்தானைத் தினமும் வேலை தொடங்குமுன் அழுத்துக. விழவில்லையென்றால் அது வெறும் பொம்மை. மாற்றும்வரை வேலை இல்லை.

2. எர்த்தோடு கூடிய மூன்று முள் பிளக்கும், ஒட்டுப்போடாத வயரும் இருக்க வேண்டும். வயர் தரையில் கிடக்காமல் தூக்கிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். இணைப்புப் பெட்டி ஈரம் படாத மேட்டில் இருக்க வேண்டும்.

3. துளைக்கும் இடத்தில் கான்கிரீட்டுக்குள் மின்வயரோ குழாயோ ஓடுகிறதா என்று பொறுப்பாளரைக் கேட்டு, அந்த லயனை நிறுத்தச் செய்க. மில்லில் ஷிப்டு ஓடுகிறது என்பது சாக்கல்ல. தூணையும் உத்தரத்தையும் என்ஜினீயர் குறித்துக் கொடுக்காமல் தொடாதீர்கள். உள்ளிருக்கும் கம்பி அறுந்தால் கட்டடத்தின் பலமே போகும்.

4. ஸ்டாண்டை ஆங்கர் போல்ட் போட்டு இறுக்குக. பெரிய ஓட்டையைக் கையில் பிடித்துப் போடாதீர்கள். உருளை உள்ளே கம்பியில் சிக்கி நின்றால் யந்திரத்தின் உடல் திரும்பிச் சுழலும். மணிக்கட்டை முறிக்கும், ஏணியிலிருந்து ஆளைத் தள்ளும். சிக்கினால் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே ஸ்பானர் போட்டு விடுவிக்க வேண்டும்.

5. தளத்தைத் துளைக்கும்போது கீழே கயிறு கட்டி ஆளை நிறுத்துக. 6 அங்குலத் தளத்தில் 4 அங்குல ஓட்டையிலிருந்து விழும் கான்கிரீட் துண்டு ஏறக்குறைய 3 கிலோ எடை. 10 அடி கீழே வரும்போது அதன் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல். கீழே கலவை சுமக்கும் பெண்ணின் தலைக்கு அது சம்மட்டி அடி.

6. தலைக்கு மேலே துளைக்கும்போது தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கும். தண்ணீரைப் பிடித்து வெளியேற்றும் வளையம் இல்லாமல் மேல்நோக்கித் துளைக்கக் கூடாது.

7. ரப்பர் பூட்ஸ், ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பு ஆகியவை வேலை கொடுப்பவர் தர வேண்டியவை. தோளில் துண்டு, தொங்கும் கைலி, தளர்ந்த கையுறை எதுவும் சுழலும் உருளைக்கு அருகே கூடாது.

இவ்வளவுக்கும் மேலே ஒருவருக்கு மின்சாரம் தாக்கினால் ஓடிப்போய் அவரைப் பிடிக்காதீர்கள், இருவர் சாவீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கழியால் வயரைத் தள்ளுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5 சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருங்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். வண்டி வரும்வரை அழுத்துவதை நிறுத்தாதீர்கள்.

அவசரம் யாருக்கு?

நம் ஆட்களிடமும் ஒரு பழக்கம் உண்டு. "இவ்வளவு காலம் இப்படித்தான் செய்தோம், என்ன ஆயிற்று?" என்று வீரம் பேசுவது. உயிரோடிருப்பவன்தான் இப்படிப் பேச முடியும். செத்தவன் வந்து மறுத்துப் பேசுவதில்லை.

ஆனால் வீரப் பேச்சைவிடப் பெரிய காரணம் கூலி முறையில் இருக்கிறது. ஓட்டைக்கு இவ்வளவு, அங்குலத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. போல்ட் அடிக்கும் நேரத்துக்கும், வயரை உயர்த்திக் கட்டும் நேரத்துக்கும், கீழே கயிறு கட்டும் நேரத்துக்கும் கூலி கிடையாது. பாதுகாப்புக்குச் செலவிடும் ஒவ்வொரு நிமிஷமும் தொழிலாளியின் பையிலிருந்து போகிறது! பிறகு அவன் ஏன் அவசரப்படமாட்டான்? ஆகவே ஏற்பாட்டு நேரமும் வேலை நேரமே என்று கணக்கிட்டுக் கூலி பேச வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996-ம் ஆண்டுச் சட்டம், 2020-ம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் கரைக்கப்பட்டது. சங்கங்களின் எதிர்ப்பை மீறி நான்கு தொகுப்புகளையும் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்ததாக மத்திய அரசு அறிவித்தது. பெயர் மாறினாலும், வேலையிடத்தை அபாயமில்லாமல் வைப்பது வேலை கொடுப்பவர் கடமை என்பது மாறவில்லை. கசிவு காப்புக் கருவி பற்றி மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ம் ஆண்டு விதிகளும் பேசின. 2023-ல் வந்த விதிகளும் பேசுகின்றன.

ஆனால் ஓர் ஓட்டை இங்கேயும் இருக்கிறது. பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு பொதுவாக 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்துக்கே பொருந்தும். கோர் கட்டிங் கோஷ்டி என்பது மூன்று நான்கு பேர். சின்ன வீடுகளில் வேலை செய்பவனை எந்த இன்ஸ்பெக்டரும் எட்டிப்பார்ப்பதில்லை. அங்கே சட்டம் போய்ச் சேருவதற்குள் சங்கம் போய்ச் சேர வேண்டும்.

விபத்துக்கு நஷ்டஈடு பெறும் உரிமை 1923-ம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. இன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் இருக்கிறது. நலவாரிய அட்டை இல்லாதவனுக்கும் அந்த உரிமை உண்டு. எனினும், 1994-ல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் ஒவ்வொருவரும் பதிந்துகொள்ள வேண்டும். வேலைக்குக் கூட்டிப்போனவர் யார், இடம் எது, நாள் எது என்று எழுதிவைக்க வேண்டும். "அவன் என் ஆளே இல்லை" என்று கைகழுவ இடம் தராதீர்கள்.

நஷ்டஈடு செத்தபின் வருவது. நாம் கேட்பது சாகாமல் வீடு திரும்பும் உரிமையை.

வேலைக்குக் கிளம்பும் தோழர்களே! தனியாக நின்று ஒருவன் "டிரிப் சுவிட்ச் எங்கே?" என்று கேட்டால், "நாளையிலிருந்து வராதே" என்பார்கள். ஒரு ஊரிலிருந்து போகும் அத்தனை பேரும் ஒரே குரலில் கேட்டால் மாலைக்குள் சுவிட்ச் வந்துவிடும். கிளம்புமுன் கிராமத்தில் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். மில் தோழர்களே! உங்களில் எலக்ட்ரீசியன்கள் இருக்கிறார்கள், பிட்டர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்ததை வயலிலிருந்து வரும் சகோதரனுக்குக் கற்றுக்கொடுங்கள். உங்கள் மில்லுக்குள் காண்ட்ராக்ட் வேலைக்கு வருகிறவனின் வயரையும் உங்கள் வயராகப் பாருங்கள்.

அந்தச் சுவிட்ச் கண்ணெதிரே மாட்டப்பட்டு, சோதனைப் பொத்தானை அழுத்தியதும் விழுந்தால் யந்திரம் ஓடட்டும். இல்லையேல் ஒரு கையும் அதைத் தொடவேண்டாம்!