பெரிய வீல் போட்டா ட்ராக்ல வேகமா போகுமா? அஜித் டீம் போர்ஷே சொல்ற கணக்கு!

"அக்கா, 17 இன்ச் அலாய் மாட்டிட்டேன். ஞாயித்துக்கிழமை இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல ஓட்டப் போறேன். அம்மாகிட்ட சொல்லிடாத!"

சித்தி பையனிடமிருந்து வாட்ஸ்அப். கூடவே பளபளக்கும் வீலின் போட்டோ. ஞாயிறு மதியம் அடுத்த மெசேஜ் வந்தது: "உள்ளயே விடல."

ட்ராக்குக்குள் இறங்கும் முன் கார்களைப் பரிசோதிப்பார்கள். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தபோது, முன் டயர் வீல் ஆர்ச்சின் உள்பக்க பிளாஸ்டிக்கை உரசியிருக்கிறது. உரசிய தடமும் புதிதாக இருந்திருக்கிறது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டிய பணமும் போச்சு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் கேட்ட ஒரே கேள்வி: "அஜித் சார் டீம் கார்ல எல்லாம் எவ்ளோ பெரிய வீல் இருக்கு, அதுக்கு மட்டும் ஓகேவா?"

நியாயமான கேள்வியாகத்தான் தெரிந்தது. தேடிப் பார்த்தால், விஷயம் தலைகீழ்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில், 992 பிரிவில் மூன்றாவது இடம் பிடித்தது அஜித் குமார் ரேஸிங் அணி. அந்த கார், போர்ஷே 911 ஜிடி3 கப். அதில் இருப்பது 18 இன்ச் வீல்தான். அதே தலைமுறை ஜிடி3 காரை ரோட்டில் ஓட்ட வாங்கினால் முன்னால் 20 இன்ச், பின்னால் 21 இன்ச்! ரேஸ் காருக்கு வீல் சின்னது. ஆனால், ரப்பர் பெரியது. ரோட்டு காரின் முன் டயர் அகலம் 25.5 சென்டிமீட்டர், கப் காரில் 30. பின் டயரின் சைடுவால் உயரம், அதாவது ரிம்முக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் ரப்பர், ரோட்டு காரில் சுமார் 9.5 சென்டிமீட்டர். கப் காரில் 12.5-க்கு மேல்.

ஏன் இப்படி? ரிம் பெரிதானால் பெரும்பாலும் எடையும் கூடும். அந்த எடை சுற்றிக்கொண்டே இருப்பதால், வேகம் எடுக்கவும் பிரேக் பிடிக்கவும் கார் கூடுதலாக உழைக்க வேண்டும். ட்ராக் ஓரத்து கெர்ப் மீது ஏறி இறங்கும்போது சைடுவால்தான் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்து டயரைத் தரையோடு ஒட்ட வைக்கிறது. அப்படியானால் ரோட்டு காருக்கு ஏன் பெரிய வீல்? அழகு ஒரு காரணம். அழகு மட்டுமே என்று சொன்னால் அநியாயம். அதன் முன் பிரேக் டிஸ்க் 408 மி.மீ. விட்டம். கப் காரில் 380. டிஸ்க்கும் காலிப்பரும் ரிம்முக்குள் அடங்கியாக வேண்டுமே! ட்ராக்குக்கு வீல் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பதே இதைத்தான்: பிரேக்கில் இடிக்காத மிகச் சின்ன ரிம் எது?

ரிம் இப்படி முடிவானால், அடுத்தது டயர் அகலம். இதற்கு நல்ல உதாரணம், 2012-ல் வந்த டொயோட்டா ஜிடி86. சுமார் 200 ஹெச்.பி. ஸ்போர்ட்ஸ் காரான இதற்கு 215/45 ஆர்17 என்ற ஒல்லி டயரைத்தான் கொடுத்தது டொயோட்டா. பிரியஸ் ஹைப்ரிட் காருக்கும் கொடுத்த அதே ரக டயர்! கிரிப் குறைவாக இருந்தால், குறைந்த வேகத்திலேயே பின்பக்கம் லேசாக வழுக்கி ஓட்டுபவருக்கு ஜாலியாக இருக்கும் என்பது ஐடியா. லேப் டைம் குறைக்க ஆசைப்படும் ஓனர்களில் பலர், ரிம்மை அதே 17 இன்ச்சில் வைத்துக்கொண்டு அகலத்தை 7-லிருந்து 9 இன்ச் ஆக்கி, 245/40 ஆர்17 டயர் போடுகிறார்கள். மொத்த உயரம் 625 மி.மீ-லிருந்து 628 ஆகிறது, அவ்வளவுதான். கியர், ஸ்பீடோமீட்டர் எதுவும் குழம்பாது. நான்கு வீலுக்கும் ஒரே சைஸ் என்பதும் முக்கியம். கெத்துக்காகப் பின்னால் மட்டும் அகல டயர் போட்டால், வளைவில் கார் திரும்பாமல் மூக்கை நேராக நீட்டிக்கொண்டு போகும்.

அதற்காக அகலத்தைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. பவர் குறைவான, எடை குறைவான காரில் டயர் ரொம்ப அகலமாக இருந்தால் அது சரியாகச் சூடாகாது. சூடாகாத ட்ராக் டயருக்கு கிரிப் கிடையாது.

இப்போது தம்பி கதைக்கு வருவோம். கம்பெனி கொடுத்தது 195/55 ஆர்16. அகலம் 195 மி.மீ., அதில் 55 சதவிகிதம் சைடுவால், ரிம் 16 இன்ச். சைடுவால் இரண்டு பக்கமும் 107, ரிம் 406. மொத்த உயரம் சுமார் 621. 17 இன்ச்சுக்கு மாறியே தீருவேன் என்றால் 215/45 ஆர்17 போட்டிருக்கலாம், 625 வரும். கடையில், "அந்த சைஸ் ஸ்டாக் இல்ல தம்பி, இதுவும் 17தான்" என்று 215/50 மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அது 647. டயர் 26 மி.மீ. உயரம், 20 மி.மீ. அகலம் கூடிவிட்டது. உரசாமல் என்ன செய்யும்?

எனக்கு ட்ராக்கைவிட ரோடுதான் பயம். அது சித்தி தினமும் ஆபீஸுக்கு எடுத்துப்போகிற கார். நாலு பேர் உட்கார்ந்து ஸ்பீடு பிரேக்கரில் இறங்கினால், சஸ்பென்ஷன் அமுங்கி டயர் இன்னும் மேலே ஏறும். உரசி உரசி ஒருநாள் ஹைவேயில் டயர் கிழிந்தால்?

தம்பி அலாயை விற்றுவிட்டான், பாதி விலைக்கு. அந்தக் காசில் பழைய 16 இன்ச் ரிம்முக்கே நல்ல கிரிப் உள்ள டயர், புது பிரேக் பேடு, புது பிரேக் ஆயில். கூடவே காற்றழுத்தம் பார்க்கும் கேஜும் குட்டி ஏர் பம்பும். நாலைந்து ரவுண்டு ஓடினால் டயர் சூடாகி அழுத்தம் ஏறிவிடும். பிட்டுக்கு வந்து கொஞ்சம் இறக்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும் முன், டயர் ஆறியதும் மறக்காமல் பழைய அளவுக்கு ஏற்ற வேண்டும். காற்று குறைந்த டயரோடு பெங்களூரு ஹைவேயில் வருவது ட்ராக்கைவிட ஆபத்து.

போன மாதம் மறுபடி போனான். இந்த முறை உள்ளே விட்டார்கள். ஓட்டிவிட்டுப் பத்திரமாக வந்தும் சேர்ந்தான். மறுநாள் காலை ஒரு மெசேஜ்:

"அக்கா, 'புது டயர், ஓரம் மட்டும் ஏன்டா இப்படி தேஞ்சிருக்கு'ன்னு அம்மா கேக்குறாங்க. என்ன சொல்ல?"