கரப்பானுக்கு கைவைத்தியம் சரி... தேளுக்கு?

பத்தாவது வரை படித்த குடும்பத் தலைவி நான். தோழிகள் எழுதும் வீட்டுக் குறிப்புகளை ஒன்று விடாமல் செய்து பார்ப்பேன். எறும்புக்கு மஞ்சள் தூள், கரப்பானுக்கு போரிக் பவுடரும் சர்க்கரையும், அரிசி டப்பாவில் வேப்பிலை என்று எங்கள் வீட்டில் எல்லாமே கைவைத்தியம்தான். அந்தப் பழக்கமே ஒருநாள் என்னைக் கதற வைத்து விட்டது.

போன வருடம் ஆடி மாதம். கொல்லையில் செங்கல் அடுக்கின் இடுக்கில் விழுந்த பந்தை எடுக்கப் போன என் ஏழு வயது மகன், "அம்மா"ன்னு அலறிக்கொண்டு ஓடி வந்தான். விரலில் தேள் கொட்டியிருந்தது.

மாமியார் வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தார். பக்கத்து வீட்டு அக்கா சுண்ணாம்பு தடவினார். "ஆஸ்பத்திரி எதுக்கு? மந்திரிச்சா இறங்கிடும்" என்றார்கள். நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. வலி குறைந்து அழுகையை நிறுத்தினான். "பாத்தியா, விஷம் இறங்கிடுச்சு" என்றார்கள். ஆனால், சட்டை தொப்பலாக வியர்வை, இரண்டு முறை வாந்தி, கை கால் ஐஸ் மாதிரி சில்லிட்டு விட்டது. பயந்துபோய் ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"விரலையே பாத்துக்கிட்டு இருந்தீங்களே, பிள்ளையைப் பாத்தீங்களாம்மா? தேள் விஷம் இதயத்தைத் தாக்கும்" என்று டாக்டர் கடிந்துகொண்டார். பிரசோசின் என்ற மாத்திரை கொடுத்து, இரண்டு நாள் வைத்திருந்து காப்பாற்றினார். தேள் கடிக்கு இந்த மாத்திரை உயிர் காக்கும் என்று நிரூபித்தவர் மகாராஷ்டிராவில் மகாட் என்ற சிறிய ஊரில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். 2022ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர் என்றும் சொன்னார். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை என்பதால், நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாதாம்.

மாமியாரையோ, அக்காவையோ நான் குறை சொல்ல மாட்டேன். பாசத்தில் செய்தார்கள். பெற்றவள் நான் யோசித்திருக்க வேண்டும்.

"எங்க காலத்துல மந்திரிச்சே பிழைச்சாங்க" என்பார்கள். பல பேருக்கு வெறும் வலியோடு தானாகவே சரியாகிவிடும்; பெயர் மந்திரத்துக்குப் போய்விடும். பிழைக்காதவர்கள் வந்து கதை சொல்லவா போகிறார்கள்?

இப்போது கொல்லையில் செங்கல், விறகு குவிப்பதில்லை. செருப்பையும் ஷூவையும் உதறித்தான் போடுகிறோம். கரப்பானையும் விடுவதில்லை, அதைத் தின்னத்தானே தேள் வருகிறது!

தோழிகளே, கைவைத்தியம் எழுதுங்கள், நானும் செய்வேன். ஆனால், தேள், பாம்பு என்றால் கட்டுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். குளவி, தேனீ கொட்டி முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ கூட உடனே 108க்கு போன் செய்யுங்கள். வெங்காயம் சாம்பாருக்கு இருக்கட்டும்!

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்.