வாதாட மட்டும் தெரிஞ்சா போதுமா பாஸ்?

போன வாரம் எங்க ஹாஸ்டலுக்கு ஒரு லா காலேஜ் நண்பன் வந்திருந்தான். வந்ததிலிருந்து மூட் கோர்ட் புராணம். "எதிர்த்தரப்பை நாலே கேள்வியில காலி பண்ணிட்டேன் மச்சி"ன்னு ஒரே அலப்பறை. நானும் கை தட்டினேன். தட்டிட்டு, "சரி, ரெண்டு பேரும் காலி ஆகாம முடிக்கத் தெரியுமா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பய கொஞ்ச நேரம் டீயையே பார்த்துட்டு இருந்தான்.

சர்க்யூட் படிக்கிறவனுக்குச் சட்டத்துல என்ன வேலைன்னு நீங்க கேட்கலாம். வேலை இருக்கு. எங்க வீட்டுலயே ஒரு கேஸ் எட்டு வருஷம் ஓடிச்சு. அப்பா ஒரு பக்கம், பெரியப்பா இன்னொரு பக்கம். நடுவுல தாத்தா வெட்டின ஒரு கிணறு. நான் ஆறாவது படிக்கும்போது போட்ட கேஸ், இன்ஜினீயரிங் செகண்ட் இயர் வந்த பிறகும் வாய்தாவுலயே இருந்தது. போன வருஷம் கோர்ட் அதைச் சமரச மையத்துக்கு அனுப்பிச்சு. துணைக்கு நானும் போனேன். அட்டெண்டன்ஸ் போனதுதான் மிச்சம்னு நினைச்சேன். இல்லைங்க!

ஒரு கேள்வி, எட்டு வருஷம்

உள்ளே கூப்பிடறதுக்கு முன்னாடி வராண்டா பெஞ்ச்ல உட்கார்ந்திருந்தோம். அப்பாவுக்குப் பழைய வக்கீல் வரலை. அவரோட ஜூனியர் அக்கா வந்திருந்தாங்க. ஃபைலை மூடி மடியில வச்சுக்கிட்டு அப்பாகிட்ட கேட்டாங்க: "ஐயா, உங்களுக்குக் கிணறு வேணுமா, தண்ணி வேணுமா?"

அப்பா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: "தண்ணியா? போர் போட்டு நாலு வருஷம் ஆச்சும்மா. எங்க அப்பா வெட்டின கிணத்துல உனக்கென்னடா வேலைன்னு அண்ணன் ஊர் முன்னாடி கேட்டார். அதுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எட்டு வருஷமா ஃபைல் முழுக்க சர்வே நம்பரும் குதிரைத்திறனும் மோட்டார் முறையும்தான் இருந்தது. இந்த ஒரு வரி எந்தப் பக்கத்துலயும் இல்லை. ஏன்னா யாரும் கேட்கலை. (அப்பாகிட்ட பர்மிஷன் வாங்கித்தான் இதை எழுதறேன்.)

சட்டம் படிக்கிற நண்பர்களே, இந்த வாரக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

ஆலமரம், சொம்பு இல்லை

சமரசம்னதும் நம்ம ஆளுங்களுக்கு ஆலமரத்தடியும் சொம்பும்தான் ஞாபகம் வரும். அது வேற. பஞ்சாயத்துல பெரிய மனுஷர் தீர்ப்பு சொல்வார். இங்கே நடுவில் இருக்கும் சமரசர் தீர்ப்பே சொல்லக் கூடாது. முடிவு எடுப்பது தகராறில் இருக்கும் இரண்டு தரப்பும்தான். பிடிக்கலைன்னா எழுந்து போகலாம், கேஸ் பழையபடி கோர்ட்டுக்கே போகும்.

இதில் நாம காலரைத் தூக்கிவிட்டுக்கற விஷயம் ஒண்ணு இருக்கு. இந்தியாவிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம் 2005-ல் நம்ம சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில்தான் தொடங்கியது. அதற்குக் கதவு திறந்தது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-வது பிரிவு. அது நடைமுறைக்கு வந்தது 2002-ல். எந்த மாதிரி வழக்குகளை அனுப்பலாம் என்று 2010-ல் ஆஃப்கான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பட்டியலே போட்டது. பாகப்பிரிவினை, கணவன்-மனைவி தகராறு, பக்கத்து வீட்டுச் சண்டை, உறவு தொடர வேண்டிய வழக்குகள் எல்லாம் 'ஓ.கே.' லிஸ்ட். தேர்தல் வழக்கு, மோசடி, போலி ஆவணம் போன்ற கடுமையான குற்றச்சாட்டுகள், குற்ற வழக்குகள் 'நோ' லிஸ்ட். எல்லாத்தையும் பேசித் தீர்த்துடலாம்னு கிளம்பிடாதீங்க. ஒரு தரப்பு பயந்து நடுங்கிக்கிட்டு கையெழுத்து போட்டா அதுக்குப் பேர் சமரசம் இல்லை.

பாட்னான்னா பீகார் இல்லை

சரி, திறமைன்னு சொன்னியே, என்னென்ன? வரிசையா வர்றேன்.

முதல் பாடம்: கேட்கிற பொருள் வேற, தேவை வேற. ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981-ல் எழுதிய 'கெட்டிங் டு யெஸ்' புத்தகத்தின் அஸ்திவாரமே இதுதான். 1978 கேம்ப் டேவிட் பேச்சுவார்த்தையை எடுத்துக்குங்க. 1967 போரில் இஸ்ரேல் பிடித்த சினாய் தீபகற்பம் முழுசா வேணும்னு எகிப்து நின்றது. ஒரு பகுதியாவது தர மாட்டோம்னு இஸ்ரேல் நின்றது. மேப்பில் எங்கே கோடு போட்டாலும் சண்டைதான். 'ஏன்?' என்று கேட்டபோதுதான் வழி பிறந்தது. எகிப்துக்குத் தேவை தன் மண். இஸ்ரேலுக்குத் தேவை பாதுகாப்பு. மண் எகிப்துக்கு, ஆனால் எல்லையை ஒட்டிய பகுதிகளில் படைக்குக் கடுமையான கட்டுப்பாடு. 1979-ல் சமாதான ஒப்பந்தம், 1982-ல் இஸ்ரேல் சினாயை விட்டு வெளியேறியது. எங்க வீட்டுக் கிணறும் ஒரு குட்டி சினாய்தான்!

இரண்டாவது: ஒரே வரைவு. அதே கேம்ப் டேவிட்டில் எகிப்து அதிபர் சதாத்தும் இஸ்ரேல் பிரதமர் பெகினும் நேருக்கு நேர் உட்கார்ந்தால் பேச்சு சூடாகிவிடும். அதனால் அமெரிக்க அதிபர் கார்ட்டர் தரப்பு ஒரே ஒரு வரைவைத் தயாரித்து, இங்கே காட்டித் திருத்தி, அங்கே காட்டித் திருத்தி, 13 நாளில் முடித்தது. 'என் ஒப்பந்தம், உன் ஒப்பந்தம்' என்ற பேச்சே வராது. ஆளைத் திட்டறதை விட்டுட்டு எல்லாரும் பேப்பரைத் திட்டுவாங்க. நல்லதுதானே!

மூன்றாவது: பாட்னா. பீகார் தலைநகர் இல்லை பாஸ். பேச்சு முறிஞ்சா நம்ம கையில் இருக்கிற அடுத்த நல்ல வழிக்கு ஃபிஷரும் யூரியும் வச்ச சுருக்கப் பேர். கேஸ் தொடர்ந்தா இன்னும் எத்தனை வருஷம், எவ்வளவு செலவு, ஜெயிச்சாலும் அப்பீல் உண்டா, இதையெல்லாம் கட்சிக்காரரோடு உட்கார்ந்து பேப்பரில் எழுதிப் பார்க்கணும். "நிச்சயம் ஜெயிப்போம்"னு சொல்லி அனுப்பற வக்கீல் தன் கட்சிக்காரர் கண்ணைக் கட்டித்தான் அனுப்பறார்.

நான்காவது: சொல்லை மாத்திப் போடறது. "அவன் திருடன் சார்"ன்னு ஒருத்தர் கத்தறார். "அப்போ கணக்கு வெளிப்படையா இருக்கணும்னு எதிர்பார்க்கறீங்க, சரிதானே?" என்று திருப்பிக் கொடுக்கணும். கோபத்தை வடிகட்டி, தேவையை மட்டும் வெளியே எடுக்கணும். எங்க பாஷையில சொன்னா, நாய்ஸை ஃபில்டர் பண்ணி சிக்னலை எடுக்கறது!

ஐந்தாவது: தனி அறை. சமரசர் ஒவ்வொரு தரப்பையும் தனியாகச் சந்திப்பார். அங்கே சொன்னதை, சொன்னவர் சம்மதம் இல்லாமல் எதிர்த்தரப்பிடம் சொல்ல மாட்டார். பேச்சு தோற்றாலும் உள்ளே பேசியதை கோர்ட்டில் ஆதாரமாக நீட்ட முடியாது. அந்தப் பூட்டு இருக்கறதாலதான் மனசு திறக்குது.

கடைசியாக, வக்கீல்களுக்கு ரொம்பக் கஷ்டமான பாடம்: வாயை மூடிக்கறது! கோர்ட்டில் வக்கீல் பேசுவார், கட்சிக்காரர் கை கட்டி நிற்பார். இங்கே உல்டா. கட்சிக்காரர் பேசணும். எதைச் சொல்லணும், எதுக்கு மேல இறங்கக் கூடாதுன்னு முதல் நாளே தயார் பண்ணி, அன்னைக்குப் பக்கத்துல உட்காரணும்.

இதெல்லாம் சிலபஸ்ல இருக்கா?

இருக்கு. 2020-ல் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா சட்டப் படிப்பில் சமரசத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. நீதிமன்றச் சமரசர் ஆக 40 மணி நேரப் பயிற்சி உண்டு. அதில் பெரும் பங்கு ரோல் ப்ளே. வணிகத் தகராறுகளில், அவசரத் தடை கேட்காத வழக்கு என்றால், வழக்குப் போடும் முன்பே சமரசத்துக்கு முயன்றாக வேண்டும் என 2018-ல் சட்டம் வந்தது. அது கட்டாயம்தான் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2023-ல் சமரசத்துக்கென்றே தனிச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது. ஆக, இது தெரிந்தவர்களுக்கு வேலை காத்திருக்கு.

கட்சிக்காரருக்கும் லாபம். 89-வது பிரிவின்படி வழக்கு தீர்ந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கில், தரப்புகள் தாங்களாகவே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் அது பொருந்தும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இன்னைக்கே பழகணும்னா ஹாஸ்டல் ரூம்லயே ஆரம்பிங்க. ஃபேன் ஸ்பீடு சண்டையில 'யார் சொல்றது சரி'ன்னு கேட்காம, 'உனக்கு ஏன் அது வேணும்?'னு கேட்டுப் பாருங்க. எங்க ரூம்ல கட்டில் இடம் மாறினதோட பிரச்னை முடிஞ்சது.

எங்க கேஸ் என்னாச்சுன்னு கேட்கறீங்களா? மூணு முறை உட்கார்ந்தாங்க. முடிஞ்சது. உள்ளே என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது. அப்பா சொல்லலை, நானும் கேட்கலை. மூணாவது நாள் வெளியே வந்தப்போ அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கண் சிவந்திருந்தது. ரெண்டு பேரும் ஒண்ணாவே டீக்கடைக்குப் போனாங்க, எங்களைக் கூப்பிடாமலேயே.

'எங்களை'ன்னா நானும் பெரியப்பா பையனும். மூணு நாளும் எதிர் பெஞ்ச்ல உட்கார்ந்திருந்தார். எட்டு வருஷமா பேச்சு கிடையாது. ரெண்டாவது நாள் மத்தியானம் என்னைப் பார்த்து, "டேய், சார்ஜர் இருக்கா?"ன்னார். கொடுத்தேன்.

அண்ணன் இன்னும் அதைத் திருப்பித் தரலை. கேஸ் எல்லாம் போட மாட்டேன். அடுத்த வாரம் பார்க்கலாம், வர்ட்டா!