வீட்டோடு உறுதியும் வேண்டும்

2017 மே மாதத்தில் டிக்கோயா மருத்துவமனையைத் திறக்க வந்த இந்தியப் பிரதமர், தோட்ட மக்களுக்கு மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். லயத்தை விட்டு நம் மக்கள் வெளியேறவேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயின், வீடு எத்துணைக் காலம் நிற்கும் என்பதையும் கேட்கின்றோம்.

சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் சீமெந்தாக்கும்போதே காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது. மனிதர் வெளியிடும் அவ்வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சீமெந்தினால் விளைவது. குளிர் புகும் வீடு நாள்தோறும் விறகைத் தின்னும். 20 ஆண்டில் இடியும் வீடு மீண்டும் சீமெந்தைக் கேட்கும். ஆகவே அத்திவாரம் முதல் இடிக்கும் நாள்வரை கணக்கெழுதியே கட்டுக.

இக்கணக்கைக் காட்டி வீடுகளைத் தள்ளிப்போடுவதை ஏற்கோம். காணி உறுதி கையிலிருப்பவரே வீட்டைப் பழுதுபார்ப்பர். பழுதுபார்த்த வீடே நெடுநாள் நிற்கும். வீட்டோடு உறுதியையும் தருக!