வேலைக்குப் போகும் வழி

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலியை உயர்த்து, சீனத் தொழிலாளிக்குக் கொடுப்பதை எங்களுக்கும் கொடு, கள்ளுக்கடையை மூடு என்று கேட்டார்கள். இவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும். தலைவர் ஆர்.எச். நாதன் மே மாதம் கைதாகி நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர்கள் சிலர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். கூலியையும் சாலையையும் அவர்கள் ஒரே மனுவில் எழுதினார்கள்.

இன்றைய போர்ட் கிள்ளானிலும் அந்த இரண்டையும் பிரிக்க முடியாது. இங்குள்ள பழைய ரயில்பாதையில் இப்போது கொமூட்டர் ரயில் ஓடுகிறது. கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறவருக்கு அது பெரிய உதவி. ஆனால் இங்குள்ள வேலைகளில் பல பூலாவ் இண்டாவின் வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகத்திலும் கிடங்குகளிலும் இருக்கின்றன. கொமூட்டரோ பழைய துறைமுகத்தோடு நின்றுவிடுகிறது. புதிய எல்ஆர்டி தடமும் கிள்ளான் நகர் வழியாக ஜோஹான் செத்தியாவுக்குத் திரும்புகிறது. 2015-இல் சிலாங்கூர் அரசு தொடங்கிய இலவசப் பேருந்து நல்ல திட்டம். ஆனால் துறைமுகம் விடிய விடிய இயங்க, பேருந்து இரவில் அடங்கிவிடுகிறது.

மோட்டார் இருப்பவர் எந்த ஷிஃப்டுக்கும் போகலாம், ஓவர்டைமும் செய்யலாம். இல்லாதவர், அதிலும் பெண்கள், வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும் குறைந்த சம்பளத்தோடு நின்றுவிடுகிறார்கள். வாடகைக் காரில் போய்வர நாளுக்கு 20 ரிங்கிட் என்று வைத்தால் 26 நாளுக்கு 520 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும்.

அரசின் பெட்ரோல் மானியமும் வண்டி ஓட்டுகிறவரைத்தான் தேடிப் போகிறது. 2025 செப்டம்பரில் தொடங்கிய பெட்ரோல் திட்டம், லைசென்ஸ் உள்ள குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்குக் கொடுத்தது. லைசென்ஸ் எடுக்க வசதியில்லாத தாய்க்கு அதில் ஒரு காசுகூட இல்லை.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. அதனால் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாகிறது என்று அம்மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கண்டது. பேருந்து வசதி குடும்ப வருமானத்தில் சேரும் பணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

நமக்கு இலவசப் பேருந்து ஏற்கெனவே இருக்கிறது. அது ஷிஃப்ட் மணிக்கு ஓட வேண்டும். பண்டமாரானிலிருந்தும் தெலுக் பங்ளிமா காராங்கிலிருந்தும் பூலாவ் இண்டாவுக்கு விடிகாலையிலும் நள்ளிரவிலும் பேருந்து விடுங்கள். அடுத்த முறை சட்டமன்ற உறுப்பினர் உங்கள் தாமானுக்கு வந்தால், அன்பளிப்புக் கூடையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். பேருந்து நேர அட்டவணையைக் கேளுங்கள்.