பிரிவழியை வரையறுப்பவர் யார்?

2020 மார்ச்சு ஊரடங்கின்போது மைசூரில் பலர் வீட்டிலிருந்தே அலுவல் புரிய நேர்ந்தது. வீட்டுக் கணினியை அலுவலக வலையுடன் இணைக்கும் மறைகுறியிட்ட தனிவழியே வி.பி.என். ஆகும். யாவும் அவ்வழியே சென்றால் நெரிசல் மிகும். காணொளிக் கூட்டங்கள் தடைப்படும். எனவே அலுவலகத் தகவலை மட்டும் தனிவழியிலும், ஏனையவற்றை நேரே இணையத்திலும் செலுத்தும் பிரிவழி முறை பரவிற்று.

இதன் நன்மை வெளிப்படை. ஆயினும், ஒரே கணினியில் இரு வாயில்கள் திறந்திருக்கின்றன. நேர்வழியில் புகும் தீநிரலை அலுவலகக் காவற்கருவிகள் காணமாட்டா. அது தனிவழியே அலுவலகத்தையும் எட்டக்கூடும்.

முழுவழியை நாடுவோரும் அயர்ந்திருத்தலாகாது. பொது வலையை ஆள்பவர், கணினிக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. முறையின் 121ஆம் விருப்பத்தைக்கொண்டு, பயனர் அறியாமலே தகவலைத் தனிவழிக்குப் புறம்பே திருப்பலாம் என்பதை 2024 மே மாதத்தில் வெளியான ‘டனல்விஷன்’ ஆய்வு காட்டிற்று.

ஆகவே, பிரிவழியை அடியோடு விலக்க வேண்டுவதில்லை. எத்தகவல் வெளியே செல்லலாம் என்பதை அலுவலகமே பட்டியலிட்டு வரையறுத்தல் வேண்டும். அதனை ஊழியரின் விருப்பத்திற்கு விடுதல் தகாது. களப்பணியாளரும் ஆசிரியரும் விடுதி, இரயில் நிலையம் முதலிய இடங்களில் பொது வைஃபையைத் தவிர்த்து, தம் கைப்பேசி இணையத்தையே பயன்படுத்துதல் நலம். விரைவு வேண்டற்பாலதே, காப்பை இழந்து பெறும் விரைவு வேண்டற்பாலதன்று.